பத்தாவது சான்றிதழ்

என் வீட்டுக்காரர் கல்லூரி நூலகர். இருபத்துமூன்று வருடமாக ஒரே பதவி. வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனிதர். பதவி உயர்வு கேளுங்கள் என்று நான் தலைதலையாய் அடித்துக்கொள்வேன். அதற்குப் பத்துப் பயிற்சிகள் முடித்த சான்றிதழ் வேண்டுமாம். "நான் பயிற்சிக்குப் போயிட்டா நூலகத்தை யாரு திறப்பா?" என்பார். முதல்வரும் இதையேதான் சொல்வார். பேராசிரியர்கள் மட்டும் மாநாடு, கருத்தரங்கு என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

பிறகு இணையவழிப் பயிற்சிகள் வந்தன. விடுமுறைகளில் வீட்டிலேயே உட்கார்ந்து, ஒழுங்காகக் குறிப்பெடுத்து, ஒன்பது முடித்துவிட்டார். பத்தாவது பயிற்சி தேர்வு நேரத்தில் வந்து விழுந்தது. நூலகத்தில் எள் விழ இடமில்லை.

"விட்டுடலாம்மா" என்றார்.

விடுவேனா? விண்ணப்பத்துக்கு அதுதான் கடைசி வாரம். ஓய்வு பெற இரண்டே வருடம். இதை விட்டால் சேர்ந்த நாற்காலியிலிருந்தே ஓய்வு பெற்றுக் கிளம்ப வேண்டியதுதான். அவரை வேலைக்கு அனுப்பிவிட்டு, அவர் பெயரில் நானே பயிற்சிக்குள் நுழைந்தேன். கேமராவை அணைத்துவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன்.

வரவேற்றவர் குரல் கணீரென்று கேட்டது. பேச வந்தவர் பெரிய பேராசிரியராம். வாய் அசைகிறது, கை ஆடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. நடுவில் சொல்லலாம் என்றால், வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வேனோ என்று பயம். இருநூறு பேர் இருந்தார்கள், ஒருவரும் மூச்சு விடவில்லை. முடிந்ததும் "அருமையான உரை", "மிக அருமை" என்று வரிசையாகத் தட்டி அனுப்பினார்களே, எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! கருத்துப் படிவத்தில் எழுதினேன்: "ஒரு மணி நேரம் சத்தமே வரவில்லை. மைக் போடத் தெரியாதவர் எங்களுக்கு என்ன சொல்லித்தரப் போகிறார்?"

அடுத்த நிமிடமே, சிறப்பாகப் பங்கேற்றார் என்று சான்றிதழ் வந்தது. விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பினேன். இவருக்குப் பதில் உட்கார்ந்ததைச் சொன்னேன், எழுதியதை மட்டும் மூச்சு விடவில்லை.

பதவி உயர்வுக்கான நேர்காணலும் இணையத்தில்தான். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி, எதிரே இஸ்திரி போட்ட சட்டையில் இவர். திரையில் தெரியாதபடி ஃபிரிட்ஜ் ஓரமாக நான். குழுவில் மூன்று பேர். நடுவில் யார் என்கிறீர்கள்? அதே பேராசிரியர்! ஃபிரிட்ஜோடு ஒட்டிக்கொண்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மைக் போடத் தெரியாதவர்னு எழுதினது நீங்கதானா?"

இவருக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். என் திருட்டு முழி காட்டிக்கொடுத்துவிட்டது. ஆமாம் என்று சொல்லி மன்னிப்புக் கேளுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சைகை காட்டினேன்.

"இல்ல சார். எழுதினது என் மனைவி. அன்னைக்கு நூலகத்துல முந்நூறு பிள்ளைங்க, என்னால வர முடியல. எனக்குப் பதிலா அவங்க உட்கார்ந்தாங்க. தப்புதான்."

அடப் பாவி மனுஷா! இப்படியா போட்டு உடைப்பது? அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இருநூறு பேரு அருமைன்னாங்க" என்றார் பேராசிரியர். "சத்தம் வரலைங்கறதே உங்க வீட்டம்மா எழுதித்தான் எனக்குத் தெரிஞ்சுது." மற்ற இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். "ஆனா அந்தச் சான்றிதழ் செல்லாது. அடுத்த மாசம் எங்க பல்கலைக்கழகத்துல அஞ்சு நாள் பயிற்சி இருக்கு. நேர்ல வாங்க. அதை முடிச்சா பதவி உங்களுக்குத்தான்."

"நூலகத்தை யாரு சார் பார்த்துப்பாங்க?"

ஐயோ, இந்த மனுஷனை என்ன செய்வது!

"உங்க முதல்வர் பார்த்துக்கட்டும். நான் கடிதம் போடறேன்."

போனார். முதல் நாள் மாலை தொலைபேசியில் கூப்பிட்டார். சாப்பாடு, அறை எல்லாம் விசாரித்தேன். நன்றாக இருக்கிறது என்றார். அப்புறமும் போனை வைக்கவில்லை.

"என்னங்க?"

"பாடத்துல ஒரு சந்தேகம் வந்துது. எழுந்து கேட்டேன். நின்னு நிதானமா பதில் சொன்னாங்கம்மா. இத்தனை வருஷமா எல்லாரும் எங்கிட்டதானே கேப்பாங்க."

"நாளைக்கு இன்னும் ரெண்டு கேளுங்க" என்றேன்.