கமலா சொல்ல மறுத்த வாக்கியம்

என்னைக் கொல்லப் பார்த்தார்கள்… பட்டப்பகலில், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில், என் மனைவி முன்னிலையில்!

பயப்பட வேண்டாம். ஆராய்ச்சிக்காகத்தான்.

சனிக்கிழமைகளில் ரெஸ்டோரண்டில் பாத்திரம் கழுவி முடித்ததும் நான் ஒரு வகுப்புக்குப் போகிறேன். படிப்பதற்கு அல்ல – படிக்கப்படுவதற்கு! வகுப்பை நடத்துபவர் ரெகுலா. ஐம்பது தாண்டிய சுவிஸ் பெண்மணி, மொழியியலாளர். பதினைந்து வருஷமாகத் தென் அமெரிக்காவுக்குப் போய், காட்டுக்குள் ஓர் ஆற்றங்கரை ஊரில் அழிந்துகொண்டிருக்கும் மொழி ஒன்றைப் பதிவு செய்கிறார். அதைப் பேசுகிறவர்கள் எல்லோரையும் கூட்டி வந்தாலும் ஒரு கலியாண வீட்டின் முதல் பந்தி நிரம்பாது.

அவருடைய மாணவர்களும் ஒருநாள் காட்டுக்குப் போகவேண்டும். அதற்கு முன் ஒத்திகை பார்க்க, அவர்களுக்கு அறவே தெரியாத மொழி ஒன்று வேண்டும். பாசலில் அகப்பட்டது தமிழ். அகப்பட்டவன் நான். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இங்கே வந்த எங்களிடம் எல்லோரும் "ஏன் வந்தாய்?" என்றுதான் கேட்பார்கள். ரெகுலா மட்டும்தான் "இதை உன் மொழியில் எப்படிச் சொல்வாய்?" என்று கேட்டார். உருகிப் போய்விட்டேன்.

வேலை சுலபம். அவர்கள் ஜெர்மனில் ஒரு வாக்கியம் சொல்வார்கள், நான் தமிழில் சொல்லவேண்டும். டேப் ரெக்கார்டர் சுற்றிக்கொண்டிருக்கும். நாய் மனிதனைக் கடித்தது. மனிதன் நாயைக் கடித்தான். எதைக் கேட்டாலும் மூன்று தரம் சொல்லுவேன். எனக்கென்ன நட்டம்?

ஒருநாள், பெண்குரலும் வேண்டும் என்றார்கள். என் மனைவி கமலாவைக் கூட்டிப்போனேன். ஒரு பெட்டி நிறைய மீன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்தாள். நாய், பூனை, மழை எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்போது ஒரு மாணவன் தாளைப் பார்த்து அடுத்த வாக்கியத்தை வாசித்தான்.

"என் கணவர் இறந்துவிட்டார்."

நான் மொழிபெயர்த்தேன். கமலா என்னைப் பார்த்தாள். மைக்கைப் பார்த்தாள்.

"நைன்!"

முடியாது என்று அர்த்தம். அவளுடைய ஜெர்மனில் மிகத் திருத்தமான சொல் அதுதான்.

"இஞ்சேரும், சும்மா ஒரு உதாரணத்துக்குத்தானே…" என்றேன்.

"உங்களுக்கென்ன விசரோ? மனிசன் பக்கத்திலை குந்தியிருக்கேக்கை ஆரும் வாயாலை அப்பிடிச் சொல்லுவினமோ? அதுவும் டேப்பிலை! பிறகு திருப்பித் திருப்பிப் போட்டுக் கேப்பினம்!"

மாணவன் நல்ல பிள்ளை. வழி கண்டுபிடித்தான். "அப்படியென்றால், 'என் கணவர் இறக்கப் போகிறார்'?"

"ஐயோ, இது அதைவிட மோசம்!" தாலிக்கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பக்கத்து வீட்டுக்காரர்?"

"அந்தாள் பாவம். அவர் எங்களுக்கு என்ன செய்தவர்?"

கடைசியில் ஒரு பாம்பைச் சாகடிக்கச் சம்மதித்தாள். வகுப்பே சிரித்தது. ரெகுலா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்துவந்து டேப்பை நிறுத்தினார். முகம் வெளுத்திருந்தது.

"தொமாசா…" என்றார்.

தொமாசா, அந்த ஆற்றங்கரை ஊர்க்காரி. மொழியை முழுதாக வைத்திருப்பவள் அவள்தான். பல வருஷமாக ரெகுலாவுக்குச் சொல் சொல்லாகக் கொடுத்தவள், போன பயணத்தில் ஒரு காலை திடீரென்று கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. காரணமும் சொல்லவில்லை. அகராதி பாதியில் நிற்கிறது. இன்னும் ஒரே ஒரு பயணத்துக்குத்தான் வழி இருக்கிறது. அதிலும் அவள் கதவைத் திறக்காவிட்டால், அந்த மொழி ரெகுலாவின் அலமாரியில் பாதியாகவே கிடக்கும்.

"கதவைச் சாத்துவதற்கு முதல்நாள் இதே வாக்கியத்தைத்தான் கேட்டேன்," என்றார் ரெகுலா. "அவள் கணவர் மரம் வெட்ட ஆற்றுக்கு மேலே போயிருந்தார். போய்ப் பல கிழமை, இன்னும் திரும்பவில்லை. தெளிவாகப் பதியவில்லை என்று மூன்று தடவை சொல்ல வைத்தேன். பிறகு அவளுக்கே போட்டும் காட்டினேன்."

நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் கமலா கேட்டாள்: "மனிசன் திரும்பி வந்தவரோ?"

ரெகுலாவுக்குத் தெரியவில்லை. அவர் அதைக் கேட்டதே இல்லை.

"பதினைஞ்சு வருஷம் கதைச்சுப்போட்டு, அதைக் கேக்கேல்லையோ?"

இதை ஜெர்மனில் எப்படி நாகரிகமாகச் சொல்வது? தேடினேன், வரவில்லை. அப்படியே சொல்லிவிட்டேன். ரெகுலா அழுதுவிட்டார். கமலா பெட்டியைத் திறந்து ஒரு ரோல்ஸை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

எனக்கும் சுருக்கென்றது. நாங்கள் மட்டும் என்ன திறம்? ஊருக்குக் கடிதம் எழுதினால் பெர்மிட் கதை, குளிர்க் கதை, வேலைக் கதை என்று மூன்று பக்கம். அம்மாவின் முழங்கால் நோவு எப்படி என்று கேட்பது கடைசி வரியில், இடம் இருந்தால்! கதைக்கத் தெரிவது வேறு, விசாரிக்கத் தெரிவது வேறு.

போன கிழமை ரெகுலாவின் கடிதம் வந்தது, அந்தக் காட்டூரிலிருந்து. முதல்நாள் அவர் டேப் ரெக்கார்டரைக் கொண்டுபோகவில்லை. மூடிய கதவின் முன் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "உன் கணவர் வந்துவிட்டாரா?"

கதவு திறந்தது.

கணவர் கல்லுப்போலத் திடமாக உள்ளே உட்கார்ந்து சுட்ட மீன் தின்றுகொண்டிருந்தாராம்! ஆனால் தொமாசா ரெகுலாவை விட்டாளா? காலையில் திட்டத் தொடங்கியவள் மத்தியானம் தாண்டியும் நிறுத்தவில்லை. அடுத்தநாள் தானே, "உன் பெட்டி எங்கே?" என்று கேட்டு, முதல்நாள் திட்டிய அத்தனையையும் மைக்கில் ஆற அமரத் திரும்பவும் திட்டியிருக்கிறாள். பதினைந்து வருஷத்தில் ரெகுலா கேட்டேயிராத சொற்கள். அகராதி தடித்துக்கொண்டே போகிறதாம்.

கமலாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு உறை கசங்கியிருந்ததைப் பார்த்து, எப்போது வந்தது என்று கேட்டாள். கடிதத்தை நான் மூன்று நாள் கோட்டுப் பொக்கெற்றுக்குள்ளேயே மறந்துபோய் வைத்திருந்தது தெரிந்துவிட்டது. அரை மணித்தியாலம், மூச்சு விடாமல் திட்டு…

எங்கள் வீட்டில் தமிழ் இப்போதைக்கு அழியாது!