விசாரிக்க வந்த தோழன்

துறைமுகத்தில் எனக்குக் கிளார்க் வேலை கிடைக்கவிருந்தது. போலீஸ் விசாரணை மட்டும்தான் பாக்கி. விசாரிக்க வந்து நின்றவன், இரண்டு வருஷமாக எங்கள் வாலிபர் சங்கத்தில் என்னோடு செங்கொடி பிடித்த தோழன். உப்பளத்துக் கூலிக்காக என்னைவிட உரக்கக் கோஷம் போட்டவன். சட்டைப்பையிலிருந்து மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி போட்ட சி.ஐ.டி. அட்டையை எடுத்துக் காட்டினான்.

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஏலே, உனக்காவது சர்க்கார் வேலை கெடச்சிட்டுல்லா! இரி, சாளக் கொழம்பு வச்சிருக்கேன்" என்று அவன் முன்னால் தட்டை வைத்தாள். அந்த வேலையில் இருந்துகொண்டுதான் அவன் எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கை நனைத்தான் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? போஸ்டர் ஒட்டிவிட்டு வரும் நாட்களில் தின்றது போலவே மறுசோறு வாங்கித் தின்றான், படுபாவி.

கை கழுவிவிட்டு என்னிடம் கேட்டான்: "கட்சிக்காரங்க யாரு கூடயும் பழக்கம் உண்டா?"

"உன்கூடத்தான்" என்றேன். அதை மட்டும் அவன் எழுதிக்கொள்ளவில்லை.

வேலை வரவில்லை. சங்கத்துக்காரன் என்று போலீஸ் எழுதிவிட்டதாக ஆபீசில் சொன்னார்கள். அம்மாதான் விடாமல் நச்சரித்தாள்: "போலீஸ்ல நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான்லா. நம்ம சோத்தத் தின்ன பய. அவன்ட்ட ஒரு வார்த்தை சொல்லேம்ல."