காற்றுக் கிண்ணத்துக்கு ஒரு நாள் லீவு

என் வேலையைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க வெகுநாள் முயன்று, தோற்று, இப்போது விட்டுவிட்டேன். கும்மிடிப்பூண்டிக்கு இந்தப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் வட்டமாக ஒரு தகரத் தொட்டி இருக்கிறது. நாலடி அகலம், அரை முழ ஆழம். அதில் தண்ணீர் நிறைத்து வெயிலில் விட்டிருக்கிறோம். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் ஆவியாகிறது என்று பக்கத்திலுள்ள கருவி தானாகவே அளந்து அனுப்பிவிடும். அதை வைத்து, மொத்த ஏரியில் வெயில் எவ்வளவு குடித்துவிட்டுப் போகிறது என்று கணக்குப் போடுவார்கள். கருவி ஒழுங்காக அளக்கிறதா என்று பார்த்து, துடைத்து, பழுது நீக்குவது என் வேலை. இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட என் மாமியார், ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவில் சொன்னார்: "எங்க மருமவ, தண்ணி காயுதான்னு பாக்குற வேலைக்குப் போவுது."

"அதுக்கு இன்னாத்துக்கு டிகிரி?" என்றார் பக்கத்தில் இருந்தவர். நான் பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

கேட்பதற்குத்தான் அது சுலபம். மழை பெய்தால் தொட்டியில் நீர் ஏறிவிடும். அதைக் கழிக்கப் பக்கத்திலேயே ஒரு மழைமானி, வானத்தைப் பார்த்து வாயைத் திறந்தபடி நிற்கும். காற்று வேகமாக அடித்தால் தண்ணீர் சீக்கிரம் காயும். அதற்காகக் கம்பத்தின் உச்சியில் சுற்றிக்கொண்டே இருக்கும் மூன்று கிண்ணங்கள். வெயிலை அளக்க ஒரு கண்ணாடிக் குமிழ், எல்லாவற்றுக்கும் மின்சாரம் தர ஒரு சோலார் பலகை, சுற்றிலும் கம்பிவேலி. இத்தனை இருந்தும் என் வேலையில் பாதி, காக்கைகளோடு மல்லுக்கட்டுவதுதான். புதுவாயல் பேக்கரிகளின் பின்னால் பொறுக்கிய காய்ந்த பன்னைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் தொட்டியில் ஊறவைத்து, மெத்தென்று ஆனபிறகு சாப்பிடும். வலை போட்டால் வலையின் மேல் உட்கார்ந்து என்னையே பார்க்கும்.

வேலிக்கு வெளியே தகரக் கூரை போட்ட சின்ன அறையில் ஒரு காவலாளி. என் வயதுதான் இருக்கும். தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில் வெகுகாலம் வேலை பார்த்து, மில் மூடியதும் இங்கே வந்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அவருக்குத் தெரியும். சொன்னதைச் சொன்னபடி செய்ய அவருக்கு வராது என்று எனக்குத் தெரியும். ஆகவே எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் வந்ததில்லை.

கருவியை அங்கே வைத்த புதிது அது. ஒரு மாதம் ஒரு நாள்கூடத் தவறாமல் சரியாக ஓடிக் காட்டினால் அது அந்த ஏரிக்கரையிலேயே நிலைத்துவிடும், நானும் அதோடு. நடுவில் ஒரு நாள் கெட்டாலும் கழற்றித் தெற்கே ஏதோ ஓர் அணைக்குக் கொண்டுபோய்விடுவார்கள், நானும் அதோடு. என் கணவருக்கு அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை, அவரால் நகர முடியாது. மகள் பத்தாவது படிக்கிறாள். வேப்பம்பட்டில் புது வீட்டுக்குக் குடிவந்து, கிரகப்பிரவேச மாவிலைகூட வாசலில் இன்னும் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. நான் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், பாஷை தவிர வேறெதுவும் தெரியாத ஊரில், ஒற்றை ஆளுக்குச் சோறு வடிக்க வேண்டும். நினைத்தாலே எனக்கு அழுகை வரும். கவலை, கலக்கம் என்றெல்லாம் கௌரவமாகச் சொல்லமாட்டேன், அழுகைதான்.

அதனால் முதல் நாளே காவலாளியிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். "அண்ணா, இந்த ஒரு மாசம் எதையும் கையால தொடக்கூடாது. நீங்களும்தான். காக்காகூடத் தொடக்கூடாது."

"காக்கா கிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்க மேடம்," என்றார்.

மாதம் நன்றாகவே ஓடியது. காக்கைகள்கூட அடங்கியிருந்தன. கடைசி நாள் மட்டும் ஆயுத பூஜையன்று வந்து விழுந்தது.

அன்று காலை வீட்டில் பூஜை. ஸ்க்ரூடிரைவர், ஸ்பேனர், மல்டிமீட்டர் எல்லாம் இருந்த என் பையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, மாமியார் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தார். மல்டிமீட்டருக்கு மட்டும் இரண்டு பொட்டு, அது கரண்ட்டைத் தொடுகிற சாமான் என்பதால். வாசலில் என் ஸ்கூட்டருக்கு மாலை, சந்தனம், சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம். நான் பொரி கடலையை வாயில் போட்டுக்கொண்டு, ஏரிக்கரை ஸ்டேஷன் அனுப்பிய அளவுகளைப் போனில் திறந்தேன்.

காற்று: பூஜ்யம். சரி, காற்றில்லாத காலை என்று நினைத்தேன். வெயில்: வழக்கத்தில் பாதி. மழை: நாலு மில்லிமீட்டர். தொட்டியில் தண்ணீர் ஏறியிருந்தது. வெளியே எட்டிப் பார்த்தால் வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை.

காவலாளிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பூஜையிலிருந்த பையை நோக்கி ஓடினேன். மாமியார் குறுக்கே வந்து நின்றார்.

"பூஜையில வெச்சத நாளைக்கு மறுபூஜ ஆவாம எடுக்கக்கூடாது."

"அத்தை, எடுக்கலன்னா என்னைத் தூக்கி எங்கயோ போட்டுருவாங்க."

"எடுத்தாதான் போடுவாங்க."

வாதாடியிருப்பேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அதே பயம் இருந்தது. வெறுங்கையோடு கிளம்பினேன்.

செங்குன்றம் தாண்டி கொல்கத்தா நெடுஞ்சாலை முழுக்க அன்று கல்யாணக் கோலம். ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் வாழைக்கன்று, ஒவ்வொரு லாரி முகத்திலும் மாலை. புதுவாயல் சந்திப்பில் கடைக்குக் கடை பூசணிக்காய் உடைத்து, குங்குமம் கலந்த சதை ரோடெல்லாம் சிவப்பாகக் கிடந்தது. என் ஸ்கூட்டர் ஒரு துண்டின் மேல் ஏறி வழுக்கி, பஞ்சர் கடைக்காரர் ஒருவர் மேல் போய் இடித்து நின்றது. அவர் திட்டவேயில்லை. என் கையில் ஒரு பிடி பொரியைத் திணித்து, "பாத்துப் போம்மா, நல்ல நாளும் அதுவுமா," என்றார்.

ஏரிக்கரைக்குப் போய், வேலி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன்.

கம்பத்தின் இரண்டு பக்கமும் இரண்டு ஆள் உயரத்துக்கு வாழைக்கன்று கட்டியிருந்தது. வெயிலை அளக்கும் குமிழ் அதன் நிழலில் குளுகுளுவென்று இருந்தது. சோலார் பலகை முழுக்க வரிசையாகச் சந்தனம், நடுவே குங்குமம். சுற்றும் கிண்ணங்களைச் சாமந்தி மாலை போட்டுச் சணல் கயிற்றால் இறுகக் கட்டியிருந்தது. தொட்டியில் மஞ்சள் தண்ணீர். அதன் மேல் ஓர் எலுமிச்சம்பழமும் ஒரு படி பொரியும் மிதந்தன. வேலி முழுக்கக் காக்கைகள், பந்திக்குக் காத்திருப்பதுபோல வரிசையாக. காவலாளி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சிரித்த முகமாக என்னை வரவேற்றார்.

"இன்னாண்ணா பண்ணி வெச்சிருக்கீங்க? தொடக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"கையால தொடக்கூடாதுன்னீங்க மேடம். ஒண்ணத்தயும் கையால தொடல. மால போட்டது, கட்டுனது, எல்லாம் கழியாலதான். எவ்ளோ பேஜாரு தெரியுமா?"

"மழைமானியில தண்ணி எப்படி வந்துச்சு?"

"தேங்காத் தண்ணி. அதான் வாயத் தொறந்துக்கினே நிக்குதே, பாவமா இருந்துச்சு."

"கிண்ணத்தை ஏன் கட்டுனீங்க?"

"மில்லுல அம்மாம் பெரிய மெஷினையே இன்னிக்கு நிறுத்திடுவோம் மேடம். இது ஒரு மாசமா ராவு பகலா சுத்திக்கினே கீது. ஒரு நாளு ரெஸ்ட்டு வாணாமா? சுச்சி எங்க கீதுன்னு தேடுனேன், ஆப்டல. அதான் கட்டி உட்டேன்."

"போனை ஏன் எடுக்கல?"

அவர் தொட்டிக்குப் பக்கத்தில் தரையைக் காட்டினார். வாழை இலையில் அவர் டார்ச்சு, பேனாக்கத்தி, விசில், நடுவில் சந்தனம் பூசிய போன். "நீங்க கூப்ட்டது கேட்டுச்சு மேடம். பூஜையில வெச்சத எப்டி எடுக்கறது?"

எனக்கு எங்கிருந்துதான் அப்படிப் பேச்சு வந்ததோ. "நீங்க ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவர்தானே? உங்களுக்கு எதுக்கு ஆயுத பூஜை?" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. "நான் சர்ச்சுக்குப் போறவன்தான். மெஷினு எங்க போவுதுன்னு யாருக்குத் தெரியும்? மில்லுல நாங்க எல்லாரும் சேந்துதான் போடுவோம்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னிக்குக் கடைசி நாளுன்னீங்களே. நல்லபடியா தாண்டிடணும், மேடம் நம்மள உட்டுப் போவக்கூடாதுன்னு வேண்டிக்கினுதான் போட்டேன்."

எனக்காகப் போட்ட பூஜை, என்னையே ஊரைவிட்டு அனுப்பப்போகிறது. அழுவதா, அவர் மண்டையில் அந்தத் தேங்காய் மூடியைப் போடுவதா என்று தெரியாமல் நின்றேன். அழுகைதான் முந்திக்கொண்டது. அவர் பதறிப்போய், "அழுவாதீங்க மேடம், எல்லாத்தையும் கழட்டிடலாம். டூல்ஸ் பையி எங்க?" என்றார்.

"வீட்டுல."

"வீட்டுலன்னா?"

"பூஜையில இருக்கு."

அவர் வாசலில் மாலையும் சந்தனமுமாக நின்ற என் ஸ்கூட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் கத்தியும் இலையில் இருந்தது. அதை எடுக்க இரண்டு பேருக்கும் துணிவில்லை. அவர் கம்பத்தில் ஏறி சணல் முடிச்சைக் கடித்தார், நான் கீழே நின்று வாழைக்கன்றின் கட்டைக் கடித்தேன். நல்லவேளை, பல்லுக்கு யாரும் பூஜை போடவில்லை. தொட்டித் தண்ணீரை இறைத்து, நீர்மட்டம் அளக்கும் குழாயில் உப்பிப்போய் அடைத்திருந்த பொரியை விரலால் தோண்டி எடுத்து, சந்தனத்தைத் துப்பட்டாவால் துடைத்து, மறுபடி நல்ல தண்ணீர் நிரப்பி முடித்தபோது எங்கள் ஆபீஸ் பெரிய இன்ஜினியரின் போன் வந்தது.

"ஏம்மா, உங்க ஸ்டேஷன்ல காலைல காத்து நின்னுபோச்சா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா சார்."

"மழை?"

"தேங்காத் தண்ணி சார்."

"எத்தனை தேங்கா?"

"ஒண்ணுதான் சார்."

"பரவால்ல. இன்னொரு ஸ்டேஷன்ல ஒன்பது." அவர் குரல் உடைந்து, சிரிப்பா இருமலா என்று தெரியாத ஏதோ வந்தது. "சோதனை ஓட்டத்துல இருக்குற எல்லா ஸ்டேஷன்லயும் ஒரே நேரத்துல காத்து நின்னு மழை பெஞ்சிருக்கும்மா. புயல் சின்னமோன்னு பயந்து, வீட்டுல பாதி பூஜையை விட்டுட்டு ஆபீசுக்கு ஓடி வந்துட்டேன்."

மேலே கேட்டுவிட்டதாகவும், இந்த நாளைத் தள்ளிவிட்டு மறுநாளைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டதாகவும் சொன்னார். "ஆனா நாளைக்கு ஒரு பூ, ஒரு பொட்டு பட்டுச்சுன்னாகூட அவ்வளவுதான். ஸ்டேஷனைக் கழட்டிருவாங்க."

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகப் போய் நின்றேன். காவலாளி கையில் தட்டோடு காத்திருந்தார். வெற்றிலை, பழம், கற்பூரம்.

"அண்ணா!"

"மறுபூஜ போடாம உட்டா நேத்து போட்டது அரகொறையா நின்னுடும் மேடம். அப்புறம் மெஷினு எப்டி நல்லா ஓடும்?" கெஞ்சுகிற குரல்.

கத்துவதற்கு வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். கொஞ்சம் மண்ணை அள்ளித் தூவிக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன். வேலிக்கு வெளியே, புகையும் சூடும் எந்தக் கருவிக்கும் போகாத ஓர் இடத்தில் செங்கல்லைப் போட்டுக் காட்டினேன். அவர் கற்பூரத்தை ஏற்றிவிட்டு, தொட்டியைப் பார்த்துச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். அவர் மனசு நோகக்கூடாதே என்றுதான் நானும் கைகூப்பினேன். கண்ணை மூடியதும் மகள் முகம் வந்தது. "தாயே, இந்தத் தண்ணி ஒழுங்கா காயணும், இது ஒண்ணை மட்டும் பண்ணிக் குடுத்துரு," என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். எந்தக் கோயிலிலும் நான் அப்படி உருகி நின்றதில்லை.

அன்று முழுக்க இருவரும் வேலிக்கு வெளியிலேயே உட்கார்ந்திருந்தோம். காக்கை வந்தால் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஓடினோம். நாஷ்டாவைக்கூட நின்றுகொண்டே தின்றோம். பொழுது சாயும் நேரத்தில் இன்ஜினியர் கூப்பிட்டார். "ஓடிருச்சும்மா. ஸ்டேஷன் இனிமே அங்கதான். நீயும்தான்."

போனை வைத்ததும் கரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். காவலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. "இன்னா மேடம், பெயிலா?"

"பாஸ்."

"அப்புறம் இன்னாத்துக்கு அழுவுறீங்க?" என்று கேட்டவர், தன் கண்ணையும் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போன் போட்டேன். மாமியார் எடுத்தார். "அத்தை, என்னை எங்கயும் அனுப்பல. நான் இங்கயேதான்," என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"உனுக்கும் சேத்துதான் ஒல வெச்சிக்கீறேன்," என்றார். "பொழுதோட வந்து சேரு."