கையெழுத்துப் போடாதவர்

அஜ்மான் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து துபாய் சைட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் கடைசிக்கு முந்தின சீட்டு வக்கீல் அண்ணனுடையது. வக்கீல் என்பது நாங்கள் வைத்த பட்டம். சிவகங்கைப் பக்கத்துக்காரர், சட்டக் கல்லூரியில் ஓராண்டு படித்துவிட்டுக் கம்பி கட்ட வந்தவர். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் மற்றவர்கள் தூங்க, அவர் எனக்கு ஓர் அமெரிக்க வக்கீலின் கதையைத் தினம் கொஞ்சமாகச் சொல்லுவார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரராம். இரவல் புத்தகத்தில் சட்டம் படித்து, குதிரையில் ஊர் ஊராகப் போய் வழக்காடி, சட்டசபைக்கும் ஜெயித்துப் போனாராம். தப்பி ஓடிவந்த அடிமைகளைப் பிடித்து எஜமானர்களிடமே அனுப்பிவிடலாம் என்று அவருடைய கட்சி ஓர் அறிக்கை தயாரித்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், இவர் போடவில்லை. அடுத்த தேர்தலில் மண்ணைக் கவ்வினார். ஊரார் அவரிடம் வழக்குக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். மறுபடி நின்றார், மறுபடி தோற்றார். இதில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு அண்ணனின் கைச்சரக்கு என்று எனக்குத் தெரியாது. "தோத்தாரு, சரி. கையெழுத்துப் போட்டாரா? இல்லேல்ல" என்று முடிக்கும்போது, தானே தேர்தலில் நின்றவர் மாதிரி மீசையைத் தடவிக்கொள்வார்.

நான் டைம்கீப்பர், ஆட்களின் வருகையையும் வேலை நேரத்தையும் குறிப்பவன். ஒருநாள் காலை, பஸ் ஏறும் வரிசையில், பாஸ்போர்ட்டை நாங்களாகவே விரும்பிக் கம்பெனியிடம் கொடுத்து வைக்கிறோம் என்று ஆபீசில் தந்த தாளை ஆளுக்கொன்றாக நீட்டி, பத்து நிமிடத்தில் நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கினேன். கேம்ப்பில் யார் எதைப் படித்துப் பார்த்தார்கள்? பேனாவை நீட்டினால் போடுவோம், இல்லையென்றால் பஸ் போய்விடும். என் கையெழுத்துதான் முதலில். அண்ணன் மட்டும் நிதானமாகப் படித்தார். தன் தாளின் அடியில் தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: "படித்தேன். சம்மதம் இல்லை." ஆபீசில் தமிழ் தெரிந்தவர் கிடையாது. கையெழுத்து என்று நினைத்து ஃபைலில் வைத்துவிட்டார்கள். நானும் வாய் திறக்கவில்லை.

நாலு மாதம் கழித்து ஊரில் அண்ணன் மனைவிக்கு ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். லீவு கேட்டார். நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய், வேலை முடியட்டும், பாஸ்போர்ட் தருகிறோம் என்றார் மேனேஜர். அண்ணன் நேரே தொழிலாளர் அலுவலகம் போனார். கம்பெனி அந்தத் தாளை அங்கே பெருமையாக எடுத்து வைத்தது. தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்கள். மறுநாளே பாஸ்போர்ட் வந்தது, கூடவே விசா கேன்சலும்.

"வேலை போச்சேண்ணே" என்றேன்.

"வேற வேல கெடைக்கும் தம்பி. அவ கண்ணு முழிக்கிறப்ப நான் பக்கத்துல நிக்கணும்."

எனக்கு வந்த ஆத்திரம் கம்பெனி மேல் மட்டுமல்ல. அத்தனை பேரிடமும் பேனாவை நீட்டிய கை என்னுடையது.

இப்போது வேறு கம்பெனி, அதே வேலை. இங்கும் என் பாஸ்போர்ட் மேனேஜர் பீரோவில்தான். போன வாரம் புதிதாக வந்தவர்களுக்காக அதே வாசகமுள்ள தாள்களை மேனேஜர் என் கையில் கொடுத்து, "ஜல்தி" என்றார். நான் பஸ்ஸில் ஏறி, டிரைவரை இன்ஜினை நிறுத்தச் சொல்லி, தமிழில் ஒருமுறை, இந்தியில் ஒருமுறை உரக்கப் படித்தேன். அப்புறம்தான் பேனாவை நீட்டினேன். இரண்டு பேர் போட்டார்கள். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். தாள்களைக் கொண்டுபோய் மேனேஜர் மேசையில் வைத்தேன்.

"என்னது, ரெண்டே பேர்தான் போட்டிருக்கானுங்க?"

"படிச்சுக் காட்டுனேன் சார்."

"உன்னை யாரு படிக்கச் சொன்னா? நாளைலேர்ந்து உனக்கு டியூட்டி இல்ல. கலாஸ், முடிஞ்சுது."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"சரி சார். என் பாஸ்போர்ட்டக் குடுங்க."