சாலை திறக்கும்வரை

மூலக்குளத்தில் என் வீட்டில் மின்விசிறி நின்றால் ஐந்து நிமிஷம் உட்கார முடியாது. இந்த ஊர்க்காரன் லடாக்கில் மூன்று குளிர்காலம் இருந்தேன் என்றால், "ஐஸ்ஸ கையில தொட்டுப் பாத்தியா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்குள்தான் கிடந்தேன் என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவேன். அந்தப் பேச்சே எனக்குப் பிடிப்பதில்லை.

அங்கே ஒரு கணவாய்க்கு அடியில் சுரங்கப்பாதை குடைந்துகொண்டிருந்தார்கள். நான் ஸ்டோர் கீப்பர். பெரிய மார்க்கெட் பக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் பன்னிரண்டு வருஷம் ஆணியும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்தவனுக்கு அது புது வேலை இல்லை. கையுறை, வெல்டிங் ராடு, பூட்ஸ் எல்லாம் கேட்டவனுக்குக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். பேனா மை உறைந்துபோகும், அதனால் பென்சில். காலையில் டிரம்மில் பனிக்கட்டியை உடைத்து, புகாரி என்கிற மண்ணெண்ணெய் அடுப்பில் உருக்கித்தான் முகம் கழுவுவோம். முதல் மாதம் எல்லாவற்றையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று. எழுந்தோம், வேலை பார்த்தோம், தின்றோம், படுத்தோம். சந்தோஷம் என்றும் ஒன்று இல்லை, துக்கம் என்றும் ஒன்று இல்லை.

நவம்பரில் மூடும் சாலை ஏப்ரல் கடைசியில்தான் திறக்கும். மொபைல் டவரும் பனியில் படுத்துவிடும். கேம்ப் முழுமைக்கும் ஒரே ஒரு சாட்டிலைட் போன், அது ஸ்டோரில் என் மேஜை மேல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேசலாம். வெளியிலிருந்து வரும் போனை நான்தான் எடுப்பேன்.

அந்தக் கேம்பில் ஒரு வழக்கம் இருந்தது. சாலை மூடியிருக்கும்போது யார் வீட்டுச் சாவுச் செய்தி வந்தாலும், போன் எடுத்தவன் அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். சாலை திறந்த அன்று அவனே சொல்லவும் வேண்டும். நான் வருவதற்கு முந்தைய வருஷம், தகப்பன் செத்த செய்தி கேட்ட ஒருவன் பனியில் நடந்தே ஊருக்குக் கிளம்பிவிட்டானாம். தூக்கி வந்தபோது கால்விரல்கள் போயிருந்தன. போக முடியாதவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றார்கள் பழைய ஆட்கள். நியாயம்தானே என்று நினைத்தேன்.

என் அறையில் கூட இருந்தவன் ஜார்க்கண்ட்காரன், வெல்டர், என்னைவிடப் பத்து வயது சின்னவன். இந்தியில்தான் பேசிக்கொள்வோம். ஆனால் ஞாபகத்தில் அவன் என் ஊர்த் தமிழில்தான் பேசுகிறான். அவன் மனைவிக்கு அது தலைப்பிரசவம். தினமும் படுக்கையில் சாய்ந்துகொண்டு ஒரு பேர் சொல்வான். "இது எப்டிண்ணே இருக்கு?" என்பான். எல்லாப் பேரும் நன்றாக இருக்கிறது என்பேன். அவன் தொல்லை தாங்காது.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு காலை அவன் அண்ணன் போன் செய்தார். பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது. தாய் பிழைக்கவில்லை. "குழந்தை பொறந்ததை மட்டும் சொல்லுங்க. அவ பொறந்த வீட்ல இருக்கா, அங்க டவர் இல்லன்னு நாங்க சொல்லிக்கிறோம்" என்றார். சரி என்றேன்.

மதியம் அவனிடம் பாதியைச் சொன்னேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். நேரே சமையல்காரரிடம் ஓடி அல்வா கிண்டச் சொன்னான். ரவையும் நெய்யும் சர்க்கரையும் என் ஸ்டோரிலிருந்துதான் போயின. முதல் வாய் எனக்கு ஊட்டிவிட்டான். நான் மென்று விழுங்கினேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் விழுங்கினேன்.

இருபத்தோரு நாள் அப்படிப் போயிற்று. மனைவிக்கென்று உலர்ந்த ஆப்ரிகாட் பழம் சேர்த்தான். பிள்ளை பெற்றவளுக்கு நல்லதாம்.

சாலை திறந்து முதல் லாரி வந்த அன்று அவன் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். அவன் பையின் ஜிப்பை முழுக்க இழுத்து மூடினான். பிறகுதான் என்னைப் பார்த்தான்.

"உனக்கு எப்பண்ணே தெரியும்?"

"அன்னிக்கே தெரியும்பா."

"அல்வா துன்ன அன்னிக்கா?"

"ஆமா."

"இருபத்தோரு நாளு நான் சிரிச்சிக்கினு இருந்தேன். நீ பாத்துக்கினு இருந்த."

அவன் என்னை அடித்திருக்கலாம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லாரியில் ஏறிப் போய்விட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் முறை வந்ததும் வீட்டுக்குப் பேசினேன். மனைவி எடுத்தாள். நலம் விசாரிப்பதற்கு முன்பே சொன்னேன்.

"இத பாரு, நம்ம வீட்ல எது நடந்தாலும் அன்னிக்கே எங்கிட்ட சொல்லிடணும். நான் வர முடியாதேன்னு மறைக்கக் கூடாது. புரியுதா?"

லைன் போய்விட்டதோ என்று ரெண்டு முறை ஹலோ சொன்னேன்.

"இருக்கேங்க" என்றாள். குரல் மாறியிருந்தது. "அத்தை போயி ஒரு மாசம் ஆவுதுங்க."

அவள் அத்தை என்றது என் அம்மாவை. அம்மாவுக்குக் காது மந்தம், போன் பக்கமே வரமாட்டாள். அதனால் நானும் ஒவ்வொரு வாரமும் "அம்மா சாப்டாங்களா" என்று கேட்பதோடு விட்டுவிடுவேன். சாப்பிட்டார்கள் என்று ஒரு மாதமாக அவளும் சொல்லி வந்திருக்கிறாள்.

"ஏண்டி சொல்லல?"

"நீங்கதான தை மாசத்துல சொன்னீங்க, அங்க ரோடு தொறக்கறவரைக்கும் சொல்ல மாட்டாங்க, அதான் நல்ல வழக்கம்னு. நாங்களும் அப்டியே இருந்துட்டோம்."

சொன்னேன்தான். பெருமையாகவே சொன்னேன்.

"கொள்ளி யாரு வெச்சாங்க?"

"உங்க அக்கா பையன்."

நான் ஒரே மகன். அவள் அழுதுகொண்டிருந்தாள், எனக்கு அழுகை வரவில்லை. பின்னால் வரிசையில் நின்றவன் நேரமாகிவிட்டது என்றான். எழுந்து நாற்காலியை அவனுக்குக் கொடுத்தேன்.