ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஓட வேண்டிய படம்

ஒரு படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எங்கள் தெருவில் என்னிடம் யாரும் கேட்டது கிடையாது. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். செல்லூரில் எங்கள் வீட்டு முன்கட்டில் இரண்டு பவர்லூம் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட வேண்டுமென்றால் கத்த வேண்டும். எனக்குக் கத்த வராது. மூலையில் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பேன். பாதி நாள் வாயைத் திறக்காமலே பொழுது போய்விடும். அப்படிப்பட்ட நான்தான் மூணு நாள் வீடு வீடாகப் போய், அந்தப் படம் நல்லா இருக்கு, பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போங்க என்று சொல்லித் திரிந்தேன். அதுவும் நான் பார்க்காத படத்தை.

நாங்கள் வீட்டில் பேசுகிற பாஷை வேறு. தமிழ் எங்களுக்குத் தெருவுக்கும் கடைக்கும்தான். பெண்ணை எங்கள் ஆட்களுக்குள்தான் கொடுப்போம், எடுப்போம். எங்கள் ஒரே மகள், தறி ரிப்பேர் பார்க்க வந்துபோன சமயநல்லூர்ப் பையனைக் கட்டிக்கொண்டாள். அவர்கள் விவசாயக் குடும்பம். நல்ல பையன். அதை இன்றைக்குச் சொல்கிறோம். அன்றைக்குச் சொல்ல எங்கள் வீட்டில் ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் வண்டியூர் மாரியம்மன் கோயிலில் சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டார். அவள் என் வாசப்படி மிதிக்கக் கூடாது, நானும் அவள் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று.

சூடம் அணைத்துச் சொன்ன சொல் சாமியிடம் சொன்ன சொல். மீறினால் மகளுக்குத்தான் ஏதாவது ஆகும் என்று அவர் பயந்தார். நானும் பயந்தேன். கோபமெல்லாம் ஒரு வருஷத்தில் வடிந்துவிட்டது. மேற்கே மேகம் கட்டினால், சமயநல்லூர்ப் பக்கம் மழையா என்று பால்காரரிடம் கேட்பார். ஆனால் சத்தியம் வடியவில்லை. நான் மட்டும் மகளை மார்க்கெட்டில், ஆஸ்பத்திரியில், அங்கே இங்கே வைத்துப் பார்த்துக்கொள்வேன். அது அவருக்கும் தெரியும். கேட்க மாட்டார். நான் திரும்பி வந்ததும் தறியை நிறுத்திவிட்டுச் சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். நான் ஏதாவது சொன்னால் காதில் விழட்டும் என்று.

பேத்திக்கு அஞ்சு வயசானது. தாத்தாவும் பேத்தியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததில்லை.

அப்போது எங்கள் பக்கத்துத் தியேட்டரில் ஒரு வெளிநாட்டுப் படத்தைத் தமிழில் பேச வைத்துப் போட்டார்கள். மாயப் பிராணிகள் வருகிற படம். மகள் பிள்ளையைக் கூட்டிவந்து சனிக்கிழமை பார்த்துவிட்டு, தெருமுனையில் நின்று எனக்குச் சொல்லி அனுப்பினாள். போனேன். பிள்ளை மூச்சு விடாமல் கதை சொன்னது. ஒரு அண்ணன் தங்கச்சி. மழையில் அவர்கள் வீட்டுக் கோழிக்கூட்டுக்குள் ஒரு குட்டி வந்து ஒடுங்கிக் கிடக்கும். கன்றுக்குட்டி உசரம், உடம்பெல்லாம் ரோமம், கொம்பு நுனியில் விளக்கு எரியும். அதை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் அதன் ஆத்தாவிடம் விட வேண்டும். வழியில் புகையைத் தின்கிற பறவை வரும். வேருக்குள் குடியிருக்கிற குட்டி மனுசர்கள் வருவார்கள். பாலத்துக்குக் காவலாக ஒரு மீசைக்காரத் தாத்தா நிற்பார்.

அந்தத் தாத்தாவிடம் வந்ததும் கதை நின்றுவிட்டது. "அம்மாச்சி, நம்ம தாத்தாவுக்கும் அம்புட்டு மீசை இருக்குமா?" என்று கேட்டது.

மகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

நான் வீட்டுக்கு வந்து, பிள்ளை இப்படிக் கேட்டது என்று மட்டும் சொன்னேன். திங்கட்கிழமை தறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர், முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்:

"அந்தப் படம் ஞாயித்துக்கெழமை வரைக்கும் ஓடுமா?"

ஞாயிற்றுக்கிழமைதான் தறிக்கு லீவு. அவர் என்ன கணக்குப் போட்டிருந்தார் என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. தியேட்டர் அவர் வாசப்படியும் இல்லை, மகள் வாசப்படியும் இல்லை. கோயில் பொது இடம்தான், ஆனால் அங்கே சத்தியத்தைக் கேட்ட சொந்தக்காரர்கள் வருவார்கள். தியேட்டர் இருட்டு. பக்கத்து நாற்காலியில் பேத்தி உட்கார்ந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? சூடம் அணைத்த சொல்லும் கெடாது. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு அம்புட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

மறுநாள் மகள் வழக்கம்போலப் பக்கத்துக் கடை போனுக்குப் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ஆட்டத்துக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, அப்பா வாரார் என்று சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அந்தச் சந்தோஷத்தோடு தியேட்டர் வாசலில் முறுக்கு விற்கிற அம்மாவிடம் போய், படம் ஞாயிறு வரைக்கும் இருக்கும்தானே என்று கேட்டேன். அந்தம்மா உதட்டைப் பிதுக்கியது. பகல் ஆட்டத்துக்கு ஆளே இல்லை, வெள்ளிக்கிழமை பெரிய ஹீரோ படம் வருகிறது, இதுக்குக் கூட்டம் சேர்ந்தால் அதைத் தள்ளிப்போடுவார்கள், இல்லையென்றால் இதைத் தூக்கிவிடுவார்கள் என்றது.

நாலு பேர் நல்ல படம் என்று சொன்னால் கூட்டம் சேரும். நாலு பேர் வாயில் வர வேண்டுமென்றால் முதலில் யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டில் ஆரம்பித்தேன். தண்ணீர்க் குழாயடியில் சொன்னேன். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்ற பெண்ணிடம் சொன்னேன். அது யாரென்றே எனக்குத் தெரியாது. குட்டிக்குக் கொம்பில் விளக்கு எரியுமாம், புகையைத் தின்கிற பறவையாம் என்று பேத்தி சொன்ன கதையை அப்படியே சொன்னேன். இந்தம்மாவுக்குப் பேச வருமா என்று சிலர் என்னையே பார்த்தார்கள்.

சில பேர் போகவும் செய்தார்கள். போனவர்கள் திரும்பி வந்து என்னிடம்தான் சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பெண் சொன்னது, வாய் ஒரு பக்கம் போகுது, பேச்சு ஒரு பக்கம் போகுது, அந்தக் கொம்புக் குட்டி வெளிநாட்டில் பிறந்துவிட்டு நம்ம கோரிப்பாளையத்து ஆட்டோக்காரர் மாதிரி பேசுது என்று. எதிர்வீட்டுத் தறியில் வேலை பார்க்கிறவர், சண்டை இல்லை, பாட்டு இல்லை, பாட்டில்லாத படத்துக்கு இடைவேளை எதுக்கு என்று கேட்டார். பெரிய மனுசர் ஒருத்தர் இது பொம்மலாட்டம் என்று முடித்துவிட்டார். டெய்லர் வீட்டுப் பெண்தான் குழாயடியில் சண்டைக்கே வந்தது.

"ஏக்கா, அடுப்பு பத்த வச்சா புகை திங்கிற பறவை வந்துரும்னு என் மகன் அழுகுறான். ஒங்க பேச்சக் கேட்டுப் போனதுக்கு ரெண்டு வேளையா கடை இட்லி. நீங்க அந்தப் படத்தப் பாத்தீகளா, இல்லையா?"

பார்க்கவில்லை என்று சொன்னேன். குழாயடியே சிரித்தது. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மட்டும், எனக்குப் பிடிச்சிருந்துச்சு பாட்டி, நான் அழுதேன் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனது. சத்தமாகச் சொல்ல அதற்கும் வெட்கம்.

மறுநாள் பகல் ஆட்டத்துக்கு நானே போனேன். தனியாகத் தியேட்டருக்குள் போனது அதுதான் முதல் தடவை. பெண்கள் பக்கம் வெறிச்சோடிக் கிடந்தது. ஆண்கள் பக்கம் ரெண்டு பேர் காலை நீட்டித் தூங்கினார்கள். பேத்தி சொன்ன எல்லாம் இருந்தது. சொல்லாதது ஒன்றும் இருந்தது. கடைசியில் குட்டியைக் கொண்டுபோய் ஆத்தா முன்னால் விட்டதும், அந்தப் பெரிய பிராணி மோந்து பார்க்கும். மனுச வாடை அடிக்கிறது என்று தள்ளிவிடும். குட்டி திரும்பத் திரும்பப் போகும். ஆத்தா சுற்றிச் சுற்றி வந்து மோந்துகொண்டே இருக்கும். அந்த நேரம் முழுக்கக் குட்டியின் கொம்பில் வெளிச்சம் குறைந்துகொண்டே வரும். அப்புறம்தான் ஒரு நக்கு நக்கும். முறுக்கு விற்கிற அம்மா இடைவேளைக்கு உள்ளே வந்தது, வெளியே போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டது. நன்றாகத்தான் இருந்தது படம். இதை இம்புட்டு வருஷம் கழித்து எழுத்தில் சொல்கிறேன்.

வெளியே வரும்போது கேட்டில் டிக்கெட் கிழிக்கிறவர், எப்படிம்மா இருக்கு படம் என்று சும்மா கேட்டார்.

"ஞாயித்துக்கெழமை வரைக்கும் ஓட்டுங்கய்யா" என்றேன்.

அவர் சிரித்தார். "நான் கேட்டது படத்தப் பத்தி" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அது என் கையில் இல்லம்மா என்று தணிந்து சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் கொட்டுச் சத்தம் எங்கள் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. தெருமுனைச் சுவரில் ஒட்டியிருந்த கொம்புக் குட்டிக்கு மேலேயே ஹீரோ போஸ்டரை ஒட்டிவிட்டார்கள். ஒரு ஓரத்தில் கொம்பு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. நான் வந்து, மாத்திட்டாங்க என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். மகளுக்குச் சேதி சொல்ல வழியில்லை. அவள் வீட்டில் போன் கிடையாது. அவள் பேசினால்தான் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, வாரியா என்று கேட்டார். படம் எதுவானால் என்ன, போகிறோம் என்று நினைத்தேன். வழியில் கடையில் நின்று கடலை மிட்டாய் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். அவர் மிட்டாய் வாங்கி நான் பார்த்ததில்லை.

தியேட்டர் வாசலில் நிற்க இடமில்லை. வெடி போட்டார்கள், கட்அவுட்டுக்கு மாலை போட்டார்கள். தெரிந்த ஆட்கள் பத்துப் பேராவது இருந்தார்கள். அண்ணே, நீங்களுமா முதல் ஞாயிற்றுக்கிழமையே வந்துட்டீக என்று ஒருவர் கேலி பேசினார். எதிர்ப்பக்கம் சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக மகள் நின்றாள். சிவப்பு ரிப்பன் கட்டின பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டு கட்அவுட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவரும் பார்த்துவிட்டார். அவர் பார்த்ததை மகளும் பார்த்தாள். நடுவில் ஒரு ரோடு. இங்கேயும் வாசப்படி இல்லை, அங்கேயும் வாசப்படி இல்லை. நாலு எட்டு வைத்தால் போதும்.

அவர் ஹவுஸ்ஃபுல் போர்டை ஒரு தடவை படித்தார். "நாம வந்தது இந்தப் படத்துக்கு இல்லையே" என்றார். பையிலிருந்து மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "குடுத்துட்டு வா. பிள்ளைக பாக்குற மாதிரி வேற படம் வரட்டும்."

நான் ரோட்டைத் தாண்டிப் போய்ப் பொட்டலத்தைக் கொடுத்துத் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் எங்கள் தெருவுக்குள் திரும்பிவிட்டார். அம்மாச்சி, எது தாத்தா என்று பிள்ளை கேட்டது. நான் கையைக் காட்டினேன். வெள்ளைச் சட்டை முதுகு மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது. மீசையைப் பார்க்க முடியலையே என்றது பிள்ளை.

வேறு படம் வராமல் இல்லை. ஒன்று வந்தபோது அவருக்குக் காய்ச்சல். ஒன்றுக்கு மகள் பிரசவத்துக்கு இருந்தாள். இன்னொன்று பேய்ப்படம் மாதிரி, பிள்ளை பயந்துவிடும் என்று அவரே வேண்டாம் என்றார். போஸ்டர் மாறும்போதெல்லாம் நின்று பார்ப்பார். அப்புறம் மருமகனுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்து அவர்கள் அங்கே குடி போனார்கள். தியேட்டரும் எப்போதாவது திறந்து, மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடந்தது. மகள் எங்கள் வாசப்படி மிதித்தது அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்றைக்குத்தான். சத்தியத்தைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. சாட்சிக்கு நின்ற சொந்தக்காரர்கள்தான் அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அந்தச் சத்தியமே மறந்து போயிருந்தது.

அவர் போவதற்கு முந்தின பொங்கலுக்கு அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். கொம்பில் விளக்கைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இதுதான் அது என்றேன். அவர் தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்போது எங்கள் வீட்டிலும் போன் இருந்தது. திருப்பூருக்குப் போன் போட்டேன். பேத்திதான் எடுத்தாள். பத்தாவது படிக்கிற பிள்ளை, குரலே மாறிவிட்டது. அந்தப் படம் ஓடுது பாரு என்றேன்.

"அதுவா? அது சின்னப் பிள்ளைக படம் அம்மாச்சி. நான் பாத்திருக்கேனா? ஞாபகமே இல்லையே" என்றாள்.

என்னங்குது பிள்ளை என்று அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். மறந்துருச்சாம் என்றேன். அவர் கடைசி வரைக்கும் பார்த்தார். ஆத்தா குட்டியை மோந்து மோந்து தள்ளுகிற இடம் வந்தது, சுற்றிச் சுற்றி வந்தது, நக்கிச் சேர்த்துக்கொண்டது. எழுத்துப் போட ஆரம்பித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

எப்படி இருக்கு என்று கேட்டேன். அவரிடம் ஒரு படத்தைப் பற்றி நான் கேட்டது அது ஒன்றுதான்.

"நல்ல படந்தான்" என்றார். எழுத்து ஓடி முடிந்ததும், "அந்த ஆத்தாக்காரி இம்புட்டு நேரம் மோந்து பாத்துக்கிட்டு இருந்திருக்க வேணாம்" என்றார்.

அப்புறம் எழுந்துபோய்த் தறியைப் போட்டார். அந்தச் சத்தத்தில் நான் ஏதாவது சொல்லியிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது.