தேய்ந்த முத்திரை

மருமகள் புளி போட்டு விளக்குத் துலக்கினால் நான் வாசலுக்குப் போய்விடுவேன். சின்ன வயதில் வெள்ளிக்கிழமைதோறும் புளியும் செங்கல் பொடியும் போட்டு, விரல் எரிய எரிய ஒரு வெள்ளிக் கரண்டியைத் தேய்த்தவள் நான். நைனா வேலை பார்த்த வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பும்போது அவருக்குக் கொடுத்தது அது. "பளபளன்னு இருந்தாத்தான் வெல வரும், நல்லா தேய்" என்பார் நைனா.

தங்கச்சிக்குக் காய்ச்சல் முற்றியது. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அதை விற்கப் போனோம். அறுபதுகளில் செஞ்சிக் கடைத்தெருவில் இருந்த அந்த வெள்ளிக்கடையில் எப்போதும் திராவக நெடி. கடைக்காரர் காம்பின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

"இங்க சீமை முத்திர இருந்துக்குது. யாருய்யா இப்டித் தேச்சது? அது இருந்தா கேட்ட வெல குடுப்பாங்க. இப்ப எடைக்குத்தான்."

"இந்தப் பொண்ணுதான் சாமி" என்றார் நைனா.

எடைக்கு வந்தது போதவில்லை. தங்கச்சி வீட்டிலேயே செத்தாள். தேய்க்கச் சொன்னது தான்தான் என்று நைனா கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.